பாய்லருக்கு விறகா, பிரிக்கெட்டா, பெல்லெட்டா? டன் விலையை விட்டு வெப்பத்தின் விலையைப் பார்ப்போம்

திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறை வைத்திருப்பவர், நெல் அவிக்கும் அரிசி ஆலைக்காரர், நீலகிரியில் தேயிலை உலர்த்துபவர், யாராக இருந்தாலும் இன்றைக்கு மேசையில் மூன்று கொட்டேஷன் கிடக்கும். விறகு டன் இவ்வளவு, பிரிக்கெட் (மரத்தூளையும் பயிர்க் கழிவையும் இறுக்கிச் செய்த தடித்த உருளை) டன் இவ்வளவு, பெல்லெட் (அதே போல் இறுக்கிய சின்னக் குச்சி) டன் இவ்வளவு. மூன்றில் விறகுதான் குறைவு, அதனால் விறகே போதும் என்று முடித்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அந்த முடிவு சில இடங்களில் சரி, பல இடங்களில் பெரிய நட்டம். எது எங்கே என்று பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலி இடம் இருந்து, விறகை இரண்டு மாதமாவது காயவைக்க முடிந்தால், காய்ந்த விறகை அடிக்க எதுவும் இல்லை. இடம் இல்லையென்றால் பிரிக்கெட், ஆனால் ஒவ்வொரு லோடையும் சோதித்து வாங்க வேண்டும். இப்போது சிலிண்டர் கேஸோ டீசலோ எரிப்பவர்களுக்குப் பெல்லெட். இவற்றில் சேராதது ஒன்று உண்டு: வெட்டி ஒரு வாரத்தில் லாரியேறி வந்து நேராக அடுப்புக்குள் போகும் பச்சை விறகு. கொட்டேஷனில் மலிவாகத் தெரியும், எரித்து முடிக்கும்போது எல்லாவற்றையும்விட விலை கூடியது அதுதான்.

இந்தக் கேள்வி இப்போது ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது என்றால், விறகு எரிபொருள் தொழிலே வேகம் எடுத்திருக்கிறது. உலகில் வெட்டப்படும் மரத்தில் ஏறக்குறைய பாதி இன்றைக்கும் எரிக்கத்தான் போகிறது என்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்கு. அது பெரும்பாலும் ஏழை வீட்டு அடுப்பு. தொழிற்சாலை அடுப்பு அதற்கு மேல் வந்து சேரும் புதுத் தேவை. ஒன்றிய மின் அமைச்சகம் 2021 அக்டோபரில், அனல் மின் நிலையங்கள் நிலக்கரியோடு உயிரிப்பொருள் பெல்லெட்டையும் சேர்த்து எரிக்க வேண்டும் என்று கொள்கை கொண்டுவந்தது; 2023 இல் அதைத் திருத்தி, 2024-25 முதல் 5 சதவீதம், 2025-26 முதல் 7 சதவீதம் என்று வைத்தது. அதில் போவது பெரும்பாலும் வைக்கோல் போன்ற பயிர்க் கழிவுதான், மரம் குறைவு. இருந்தாலும் பெல்லெட் எந்திரம் விற்பவர், வாங்குபவர், கடன் கொடுக்கும் வங்கி எல்லாரையும் அந்த ஆணை களத்தில் இறக்கிவிட்டது. 2022 இல் அறிவித்த தேசிய உயிரி ஆற்றல் திட்டத்தில் பிரிக்கெட், பெல்லெட் ஆலை போடுபவர்களுக்கு மானியமும் வைக்கப்பட்டது. இன்னொரு பக்கம், துணி வாங்கும் ஐரோப்பிய பிராண்டுகள் நிலக்கரி பாய்லரை நிறுத்துங்கள் என்று ஏற்றுமதியாளர்களை நெருக்குகின்றன. நிலக்கரியை நிறுத்தினால் அடுத்து கைக்கு எட்டுவது மரம்தான்.

வளர்ச்சி என்றால் வாங்குபவருக்குப் போட்டி என்று பொருள். சவுக்கையும் தைல மரத்தையும் கரூர்ப் பக்கம் தமிழ்நாடு காகித ஆலையும், பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலையும் கூழுக்காக வாங்குகின்றன. பிளைவுட்காரர்களும் பார்ட்டிகிள் போர்டு ஆலைகளும் கேட்கிறார்கள். கட்டடச் சாரத்துக்குச் சவுக்குக் கம்பு போகிறது. நல்ல நேரான மரத்துக்கு அவர்கள் எல்லாரும் உங்களைவிட அதிக விலை கொடுக்கக் கூடியவர்கள், ஆகவே அடுப்புக்கு வந்து சேர்வது நுனி, கிளை, கோணல், வேர்க்கட்டை, உளுத்தது. தரப் பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. எரிபொருள் என்பது மற்ற எல்லாரும் எடுத்தது போக மிஞ்சியது. தேவை கூடக் கூட அந்த மிச்சத்திலும் மண், பட்டை, ஈரம் என்று சேர்ந்துகொண்டே போகும்.

சரி, கணக்குக்கு வருவோம்.

எந்த மரமாக இருந்தாலும், முழுக்கக் காயவைத்துவிட்டால் கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பம் பெரிதாக மாறாது. ஏறக்குறைய 4,400 கிலோ கலோரி என்று வைத்துக்கொள்ளலாம். சவுக்கு கொஞ்சம் கூட, முருங்கை கொஞ்சம் குறைவு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அந்த வித்தியாசம் பெரும்பாலும் கன அடிக்கு எத்தனை கிலோ என்பதில் இருக்கிறது, கிலோவுக்கு எத்தனை கலோரி என்பதில் இல்லை. எடை போட்டு வாங்கும்போது மரத்தின் சாதியைவிட அதிலுள்ள தண்ணீர்தான் விலையைத் தீர்மானிக்கிறது. தண்ணீர் இரண்டு விதத்தில் அடிக்கும். முதலாவது, அந்த எடைக்கு மரமே இல்லை. இரண்டாவது, அந்தத் தண்ணீரை ஆவியாக்கக் கிலோவுக்கு 580 கிலோ கலோரிக்கு மேல் மரத்தின் வெப்பத்திலிருந்தே போகிறது. இரண்டையும் கழித்துப் பார்த்தால், 20 சதவீதம் ஈரமுள்ள விறகில் கிலோவுக்கு 3,400 கிலோ கலோரி மிஞ்சும். 35 சதவீதத்தில் 2,650. பச்சையாக 45 சதவீதத்தில் வந்தால் 2,150 தான். கொட்டேஷனில் மூன்றுக்கும் பெயர் ஒன்றே, விறகு.

இப்போது ஒரு மாதிரி விலை போட்டுப் பார்ப்போம். இது சந்தை விலை இல்லை, கணக்குக்காக வைத்தது. உங்கள் ஊர் விலையை இதே வழியில் போட்டுக்கொள்ளுங்கள். பச்சை விறகு டன் 4,000 ரூபாய், காய்ந்த விறகு 5,500, பிரிக்கெட் 7,000, பெல்லெட் 9,000. வெப்பத்துக்கு விலை போட்டால், ஆயிரம் கிலோ கலோரிக்குப் பச்சை விறகு 1.86 ரூபாய், காய்ந்த விறகு 1.62, கிலோவுக்கு 3,700 தரும் பிரிக்கெட் 1.89, 4,000 தரும் பெல்லெட் 2.25. இதோடு நின்றுவிடக் கூடாது. அடுப்பில் எரிந்த வெப்பம் எல்லாம் நீராவியாக மாறுவதில்லை. கையால் அள்ளிப் போடும் அடுப்பில் பச்சை விறகுக்கு 55 சதவீதம், காய்ந்த விறகுக்கு 65, பிரிக்கெட்டுக்கு 70, தானாக ஊட்டும் பெல்லெட் பர்னருக்கு 80 என்று வைத்தால், நீராவிக்குள் போய்ச் சேர்ந்த ஆயிரம் கிலோ கலோரிக்கு ஆன செலவு இப்படி: பச்சை விறகு 3.38 ரூபாய், பெல்லெட் 2.81, பிரிக்கெட் 2.70, காய்ந்த விறகு 2.49. டன் விலையில் பாதிக்கும் குறைவாக இருந்த பச்சை விறகு பெல்லெட்டையும் தாண்டிக் கடைசியில் போய் நிற்கிறது. பிரிக்கெட்டுக்கும் பெல்லெட்டுக்கும் 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு, விறகுக்கு இல்லை. அந்த வரியை வரவு எடுத்துக்கொள்ள முடியாதவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி ஒவ்வொன்றாக. விறகைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் பெரும்பாலானோர் அதைத்தான் எரிக்கிறார்கள், அதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

லாரி எடை மேடையில் ஏறி நிற்கும்போதே பாதி தெரிந்துவிடும். வெட்டு முகத்தைப் பாருங்கள். காய்ந்த கட்டையின் நுனியில் நடுவிலிருந்து விளிம்புக்கு வெடிப்பு ஓடியிருக்கும், நிறம் மங்கியிருக்கும், பட்டை தட்டினால் கழன்று வரும், இரண்டு கட்டையை மோதினால் டங்கென்று சத்தம் வரும். பச்சைக் கட்டையில் வெட்டு முகம் பளிச்சென்று இருக்கும், தொட்டால் குளிரும், மோதினால் சத்தம் மொத்தையாக வரும். கீழ் வரிசையில் மட்டும் பச்சையை வைத்து மேலே காய்ந்ததை அடுக்கி வரும் லோடும் உண்டு. அதனால் மேலே நாலு கட்டையைப் பார்த்துவிட்டு கையெழுத்துப் போடாமல், பாதி இறக்கிய பிறகும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

ஊசி குத்தி ஈரம் காட்டும் சின்ன மீட்டரை இப்போது நிறையப் பேர் வாங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த மீட்டர் காட்டுவது காய்ந்த மரத்தின் எடைக்கு எத்தனை சதவீதம் தண்ணீர் என்பதை. எரிபொருள் வியாபாரத்தில் நாம் பேசுவது மொத்த எடையில் எத்தனை சதவீதம் தண்ணீர் என்பதை. மீட்டர் 25 என்றால் நம் கணக்கில் 20. மீட்டர் 50 என்றால் நம் கணக்கில் 33. வாங்குபவர் ஒன்றைச் சொல்ல விற்பவர் இன்னொன்றைச் சொல்லி, எடை மேடையிலேயே தகராறு வந்துவிடும். அது போக, மீட்டர் 30 ஐத் தாண்டினால் அதன் துல்லியத்தை நம்ப முடியாது, ஊசியும் மேல்தோலைத்தான் தொடும். கட்டையைப் பிளந்து உள்முகத்தில் குத்த வேண்டும். இன்னும் நம்பகமான வழி, கட்டையின் நடுவில் ஒரு வில்லை அறுத்து, எடை போட்டு, 105 டிகிரி சூட்டில் எடை குறைவது நிற்கும்வரை வைத்து, மறுபடி எடை போடுவது. இதற்கு ஒரு சின்ன மின் அடுப்பும் ஒரு நல்ல தராசும் போதும். லட்சக்கணக்கில் விறகு வாங்கும் ஆலையில் இந்த இரண்டும் இல்லாமல் இருப்பதை என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை.

காயவைப்பதற்கு வருவோம். நாளுக்கு 10 டன் பச்சை விறகு எரிக்கும் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போட்ட கணக்குப்படி, அதே விறகை 20 சதவீதம் வரை காயவிட்டு எரித்தால் நாளுக்கு 7.8 டன் பச்சை விறகு வாங்கினாலே போதும். மிச்சம் 2.2 டன், அதாவது 4,000 ரூபாய் விலைக்கு நாளுக்கு 8,800 ரூபாய், வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 26 லட்சம். இதற்கு என்ன வேண்டும்? இரண்டு மாத இருப்பு என்றால் 470 டன். பிளந்து, காற்று போக இடைவெளி விட்டு, இரண்டு மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் வழித்தடத்தோடு சேர்த்து ஏறக்குறைய 20 சென்ட் இடம். விறகில் முடங்கும் பணம் 19 லட்சத்துக்குள்; 12 சதவீத வட்டி போட்டாலும் வருடத்துக்கு இரண்டேகால் லட்சம். பிளக்க, அடுக்க, மறுபடி எடுத்து அடுப்படிக்குக் கொண்டுவரக் கூலி இதைவிடப் பெரிய செலவு, அதை உங்கள் ஊர்க் கூலியில் போட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து அதையும் கழித்த பிறகு கணிசமாக மிஞ்சும். மழைக்காலத்துக்கு மேற்கூரை வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளியில் கிடக்கும் விறகு காய்வதற்குப் பதிலாகக் குடிக்க ஆரம்பித்துவிடும். நீலகிரித் தொழிற்சாலைகளுக்கு இது வருடத்தில் பாதி நாள் பிரச்சினை. அங்கே கூரையும், புகைபோக்கிக்குப் போகும் வெப்பக்காற்றில் காயவைக்கும் ஏற்பாடும் இல்லாமல் விறகை நம்பக் கூடாது.

எந்த விறகு என்ற கேள்வியும் உண்டு. கடலூர், விழுப்புரம் பக்கம் விளையும் சவுக்கு மூன்று நான்கு வருடத்தில் வெட்டுக்கு வரும், நேராக இருக்கும், நன்றாக எரியும், ஆனால் காகித ஆலைப் போட்டி. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்துச் சீமைக் கருவேலம், நம் ஆட்கள் வேலிக்காத்தான் என்பது, கனமான, நின்று எரியும் விறகு. கரிமூட்டம் போடுபவர்களும் மரத்தால் ஓடும் மின் நிலையங்களும் அதை ஏற்கெனவே நம்பியிருக்கிறார்கள். அதை வேரோடு அகற்ற வேண்டும் என்று நீதிமன்றமும் அரசும் பல வருடமாகச் சொல்லிவருவதால், அகற்றும் வேலை நடக்கும் இடங்களில் விலை தாழ்ந்து கிடைக்கும். முள்ளும் கோணலும் இருப்பதால் அடுக்கினால் இடம் அதிகம் பிடிக்கும், வேர்க்கட்டையோடு வந்தால் மண் வரும். மண் வந்தால் என்ன ஆகும் என்று பிரிக்கெட் பகுதியில் சொல்கிறேன். என் தனிப்பட்ட விருப்பம், பாய்லர் விறகில் வேலிக்காத்தான் பங்கு கூட வேண்டும் என்பதுதான். ஒழிக்க வேண்டிய மரம் அடுப்புக்குப் போகட்டும். பனை மரங்களை வெட்டிச் செங்கல் சூளையில் எரித்த கொடுமையை நம் கண்ணாலேயே பார்த்தோம். மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. விறகு எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கும் ஒவ்வொரு ஆலையும் அந்தக் கொடுமைக்கு உடந்தைதான். துணி ஏற்றுமதி செய்பவர்களை அந்தக் கேள்வியை பிராண்டுகளே இனிக் கேட்கப் போகின்றன, மரம் வெட்டிய நிலத்தின் சர்வே எண்ணோடு ரசீது வைத்துக்கொள்ளும் பழக்கத்தை இப்போதே ஆரம்பிப்பது நல்லது.

பிரிக்கெட். மரத்தூள், நிலக்கடலைத் தொலி, பருத்திமார் போன்றவற்றைப் பசை எதுவும் சேர்க்காமல் பிஸ்டன் அழுத்தத்தில் இறுக்கி 60, 90 மில்லிமீட்டர் உருளையாகத் தள்ளுவார்கள். மரத்திலேயே உள்ள லிக்னின் என்ற பொருள் சூட்டில் இளகிப் பிசினாகப் பிடித்துக்கொள்ளும். ஈரம் 10 சதவீதத்தையொட்டி இருந்தால்தான் அது உருளையாக நிற்கும், அதனால் பச்சை விறகில் நடக்கும் தண்ணீர் மோசடி இதில் பெரிதாக நடக்காது. ஒரே அளவு, ஒரே எடை, அள்ளிப் போட எளிது, 10 நாள் இருப்பு வைத்தால் போதும். இடம் இல்லாத ஊருக்குள் உள்ள ஆலைக்கு இது பெரிய வசதி.

ஆனால் இதில் மோசடி சாம்பலில் நடக்கிறது. சுத்தமான மரத்தூள் பிரிக்கெட்டில் சாம்பல் ஒன்றிரண்டு சதவீதம்தான் வரும். கடலைத் தொலி சேர்ந்தால் கூடும், களத்து மண்ணோடு அள்ளிய தொலி என்றால் இன்னும் கூடும், நெல் உமி கலந்தால் சொல்லவே வேண்டாம், உமியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல்தான். நாளுக்கு 6 டன் பிரிக்கெட் எரிப்பவருக்கு 2 சதவீதச் சாம்பல் என்றால் 120 கிலோ, 12 சதவீதம் என்றால் 720 கிலோ. அள்ளிக் கொட்டும் கூலி ஒரு பக்கம் இருக்கட்டும். மண்ணிலுள்ள மணலும் பயிர்க் கழிவிலுள்ள பொட்டாசியமும் சேர்ந்தால் அடுப்பின் சூட்டில் உருகி, கம்பித் தட்டின் மேல் கண்ணாடிக் கட்டிபோல் படியும். கிளிங்கர் என்போமே, அதுதான். காற்று வரும் ஓட்டை அடைபடும், புகை கறுக்கும், அழுத்தம் இறங்கும், அடுப்பைப் பார்க்கும் தொழிலாளியான ஃபயர்மேன் ஷிஃப்டுக்கு நாலு தடவை கதவைத் திறந்து நீளக் கடப்பாரையால் குத்தி உடைக்க வேண்டும். கதவு திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் குளிர்காற்று உள்ளே போய் நீராவி குறைகிறது. அந்தச் சூட்டில் முகத்தைக் கொடுத்து நிற்பவர் அவர். மட்டமான பிரிக்கெட்டின் உண்மையான விலையை முதலில் கொடுப்பவர் அவர்தான். எந்த சப்ளையர் சரக்கு நல்லது என்று முதலாளிகள் அவரிடம் கேட்பதே இல்லை, லேப் ரிப்போர்ட்டைக் கேட்கிறார்கள்.

அந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். 4,700 கிலோ கலோரி என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது முழுக்கக் காய்ந்த பொருளுக்கு, மொத்த வெப்பமாக அளந்தது. எரியும்போது மரத்திலுள்ள ஹைட்ரஜன் தண்ணீராகி ஆவியாய்ப் போவதைக் கழித்து, லாரியில் வந்த நிலையில் உள்ள 12 சதவீத ஈரத்தையும் கழித்தால் உங்கள் அடுப்புக்கு 3,800 தான். பொய் இல்லை, ஆனால் உங்களுக்கு உதவும் எண்ணும் இல்லை. வந்த நிலையில், நிகர வெப்பம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். சாம்பலை எந்தச் சூட்டில் அளந்தார்கள் என்பதையும் பாருங்கள்: உயிரிப்பொருளுக்கு 550 டிகிரி, நிலக்கரி முறைக்கு 815. நிலக்கரி முறையில் அளந்தால் சாம்பலில் ஒரு பகுதி ஆவியாகி, எண் குறைவாகத் தெரியும்.

இன்னொரு ஆபத்து மரத்தூள் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. மர அறுவை மில் தூள் நல்லது. பிளைவுட், லேமினேட் அறுத்த தூளில் பசையும், சில சமயம் பிவிசி பட்டையின் துண்டும் வரும். பிவிசி எரிந்தால் குளோரின். அது பாய்லர் குழாயை அரிக்கும், புகைபோக்கி வழியாக ஊருக்குள்ளும் போகும். உடைத்துப் பார்த்தால் வண்ணத் துணுக்கு கண்ணில் படும். படுகிற லோடைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.

பெல்லெட்டின் கதை வேறு. 6 அல்லது 8 மில்லிமீட்டர் தடிமனில் சின்னச் சின்னக் குச்சி. தானியத்தைப் போல ஓடும், அதனால் திருகு வைத்துத் தானாக ஊட்டலாம், தேவைக்கு ஏற்பக் கூட்டலாம், குறைக்கலாம். ஐரோப்பாவில் வீட்டைச் சூடாக்கப் பெல்லெட் இவ்வளவு பரவியதற்கு எந்திரத்தைவிடத் தரச்சான்றுதான் காரணம் என்பது என் கருத்து. 2010 இல் ஜெர்மனியில் தொடங்கிய ஈஎன்பிளஸ் சான்றில் ஏ1 வகைக்கு ஈரம் 10 சதவீதத்துக்குள், சாம்பல் 0.7 சதவீதத்துக்குள், குலுக்கிச் சோதித்தால் 98 சதவீதம் உடையாமல் இருக்க வேண்டும். ஆலை, வியாபாரி, லாரி எல்லாருக்கும் சோதனை. வாங்குபவர் பையின் மேலுள்ள குறியைப் பார்த்து நம்பி வாங்குகிறார். நம் ஊரில் பையின் மேல் பூவும் இலையும் படமாக இருக்கும், உள்ளே என்ன என்று பையைப் பிரித்தால்தான் தெரியும். ஒரு குவளைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: நல்ல பெல்லெட் மூழ்கும், மட்டமானது மிதக்கும். பையின் அடியில் எவ்வளவு தூள் கிடக்கிறது என்று சலித்துப் பாருங்கள். தூள் அதிகம் என்றால் ஊட்டும் திருகு அடைக்கும், பர்னர் அடிக்கடி அணையும்.

பெரிய விறகு பாய்லர் வைத்திருப்பவர் பெல்லெட்டுக்கு மாறுவதில் பெரிய லாபம் கிடையாது, மேலே பார்த்த கணக்கே அதைச் சொல்கிறது. ஆனால் ஹோட்டல் சமையலறை, பேக்கரி, கல்யாண மண்டபம், மசாலா வறுக்கும் சின்ன ஆலை, டீசல் பர்னர் வைத்த பவுடர் கோட்டிங் அடுப்பு, இவர்களுக்குக் கணக்கு தலைகீழ். 19 கிலோ சிலிண்டர் 1,900 ரூபாய் என்று வைத்தால் கிலோ 100 ரூபாய். கேஸ் கிலோவுக்கு ஏறக்குறைய 11,000 கிலோ கலோரி தரும், ஆயிரத்துக்கு 9 ரூபாய். பெல்லெட்டைச் சில்லறையில் டன் 12,000 கொடுத்து வாங்கினாலும் ஆயிரத்துக்கு 3 ரூபாய்தான். திறனில் கேஸ் எவ்வளவு முந்தினாலும் இந்த இடைவெளியை மூட முடியாது. நம் பக்கம் மரப் பெல்லெட்டின் வளர்ச்சி இங்கேதான் வரும் என்று நினைக்கிறேன், மின் நிலையத்தில் இல்லை. ஒரு எச்சரிக்கை: பெல்லெட்டை மூடிய அறையிலோ தொட்டியிலோ குவித்து வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணமும் இல்லை நிறமும் இல்லை. ஐரோப்பாவில் கப்பல் கிடங்கிலும் பெல்லெட் கிடங்கிலும் இறங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். காற்றோட்டம் இல்லாத ஸ்டோர் ரூமில் பெல்லெட்டைக் குவிக்காதீர்கள், சமையல்காரர் அதற்குள் படுத்துத் தூங்க விடாதீர்கள்.

இந்த வளர்ச்சியைப் பார்த்து நாமே ஒரு ஆலை போட்டால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். போடலாம். ஆனால் உலகின் மிகப் பெரிய மரப் பெல்லெட் உற்பத்தியாளராக இருந்த அமெரிக்காவின் என்விவா 2024 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கேட்டுப் போனது; நீண்டகால ஒப்பந்த விலைக்கும் ஏறிப்போன உற்பத்திச் செலவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் பெல்லெட் அனுப்பும் வியட்நாமில், பெரிய ஏற்றுமதி நிறுவனம் ஒன்று சான்று இல்லாத மரத்தைச் சான்று பெற்றதாகக் காட்டியது என்று 2022 இல், காடுகளுக்கும் மரத்துக்கும் சான்று தரும் எஃப்எஸ்சி அமைப்பு அதை விலக்கி வைத்தது. தேவை இருந்தும் விழுந்தவர்கள் இவர்கள். இங்கே நீங்கள் முதலில் போட வேண்டிய கணக்கு ஈரத்தைப் பற்றியது: 50 சதவீத ஈரத்தில் வரும் மரத்தூளை 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்து ஒரு டன் பெல்லெட் எடுக்க, 800 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். உலர்த்தியில்லாமல் வெயிலை நம்பிப் போட்ட ஆலைகள் மழைக்காலத்தில் மூடிக் கிடக்கின்றன, இல்லையென்றால் மட்டமான சரக்கை ஓட்டுகின்றன. இரண்டாவது, 50 கிலோமீட்டருக்குள் யார் யார் அதே தூளைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். கோழிப் பண்ணை, ஊதுபத்தி, போர்டு ஆலை எல்லாரும் இருக்கிறார்கள்.

கடைசியாக, வாங்கும் ஒப்பந்தம். விறகோ பிரிக்கெட்டோ, டன் விலை என்று மட்டும் எழுதாதீர்கள். 20 சதவீத ஈரத்தில் டன் 5,500 என்று எழுதுங்கள். லோடு 30 சதவீதத்தில் வந்தால் கிலோவுக்கு 2,900 கிலோ கலோரிதான் கிடைக்கும், ஆகவே டன்னுக்கு 4,700 ரூபாய். 35ஐத் தாண்டினால் இறக்க மாட்டோம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 15 சதவீதத்தில் கொண்டுவந்தால் அதே கணக்கில் கூடக் கொடுங்கள், அப்போதுதான் காயவைத்துக் கொண்டுவரும் வியாபாரி பிழைப்பார், நாளைக்கும் வருவார். பிரிக்கெட்டுக்கு ஈரத்தோடு சாம்பல் வரம்பும் வேண்டும், 5 சதவீதத்துக்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் எவ்வளவு பிடித்தம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மாதிரியை லாரியின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் எடுத்து, டிரைவர் முன்னாலேயே மூன்று பையில் கட்டி சீல் வைத்து, ஒன்று அவரிடம், ஒன்று உங்களிடம், ஒன்று தகராறு வந்தால் லேபுக்கு. புது சப்ளையர் இதற்கு ஒத்துக்கொள்ளத் தயங்கினால் ஒரே ஒரு லோடு மட்டும் வாங்கி, தனியாக எரித்து, எத்தனை டன் நீராவி வந்தது என்று மீட்டரில் குறித்து, ஃபயர்மேனிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு விலை பேசுங்கள்.